வியாழக்கிழமைத் தாளின் பின்பக்கம்

அக்கா,

உங்கள் வீட்டு ஓலைப்பெட்டி மூன்று வாரமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கி வந்த பெட்டி. கருப்பட்டி தீர்ந்து எத்தனை வருஷமோ, மணம் மட்டும் இன்னும் போகவில்லை. இழுப்பறையைத் திறந்தாலே நீங்கள் வந்து நின்றுகொள்கிறீர்கள். நேற்றுப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "மேடம், இங்கன யாரு கருப்பட்டிக் காப்பி போட்டது?" என்று கேட்டார். இழுப்பறையைச் சாத்திவிட்டு, "தெரியலையே" என்றேன். பாருங்கள், இதற்குக்கூட ஒரு பொய்.

பெட்டிக்குள் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் நாற்பது ஐம்பது இருக்கும். முன்பக்கம் ராகுகாலமும் நல்ல நேரமும். பின்பக்கம் உங்கள் பென்சில் எழுத்து. முதல் படி இத்தனை வரி, இரண்டாம் படி இத்தனை வரி என்று வெறும் எண்கள். அவற்றில் ஒரு வியாழக்கிழமைத் தாள் இருக்கிறது. அந்தத் தாளுக்குப் பதில் எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். ஒன்பது வருஷம் தாமதம்.

நீங்கள் எங்கள் ஆபீசுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. பாளையங்கோட்டையில் மோட்டார் சாமான் கடைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு தட்டுமுட்டு அறையும் கொண்ட ஆபீஸ். உங்களுக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளை வளர்ப்பில் பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, சவுதியில் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போனதும் மறுபடி வேலை தேடி வந்திருந்தீர்கள். எனக்கு இருபத்தொன்பது. நான்தான் டீம் லீடர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் எனக்குக் கீழே. மற்றவர்கள் முன்னால் என்னை "மேடம்" என்பீர்கள். ஆள் நகர்ந்ததும், "என்னளா, சாப்பிட்டியா?" என்பீர்கள். அந்த "ளா"வுக்காகவே நான் காத்திருப்பேன் என்று உங்களிடம் சொன்னதில்லை.

எனக்கு அப்போது தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நீங்கள் காலண்டர் தாளில் எண்ணி எண்ணி எழுதுவதைப் பார்த்து, "என்னக்கா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?" என்று ஆபீசே கேட்கும்படி கிண்டல் செய்தேன். நீங்கள் கோபப்படவில்லை. "ஏளா, சர்வர் மறந்துரும். தாளு மறக்காது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக நான்தான் சிரித்தேன்.

அப்போது நாம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் வேலை. ஒவ்வொரு நோயாளியும் அடுத்த வாரம் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அதைச் செய்வது ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர். சர்வருக்குள் வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள். முதலில் ஆட்களைப் பொறுக்கு, அப்புறம் நாளைச் சேர், அப்புறம் போன் எண்ணைச் சேர், நாலாவதாகச் செய்தியை அனுப்பு. இடையில் பொறுக்கியதையெல்லாம் வைத்துக்கொள்ள ஒரு டெம்ப் டேபிள்.

நம் முதலாளி அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் விற்கத் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. அவர் ஒருநாள், "அதென்ன டெம்ப் டேபிளு, நம்மகிட்ட நிரந்தரமா ஒண்ணு வாங்கி வைக்க வக்கில்லையா?" என்று கேட்டார். நீங்கள்தான் புரியவைத்தீர்கள். "அண்ணாச்சி, சோறு வடிக்கதுக்கு முன்னாடி அரிசி களையுத சட்டி இருக்குல்லா, அதான் இது. களைஞ்சு முடிஞ்சா கவுத்திருவோம். பந்தியில உக்காந்தவங்க அதப் பாக்கவே மாட்டாங்க. களையுதவ மட்டுந்தான் பாக்க முடியும்." அண்ணாச்சி தலையாட்டினார். நான் அந்த விளக்கத்தைப் பிற்பாடு நாலு இடத்தில் என் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். திருட்டுக்கு அன்றே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஒரு அம்மாளுக்கு வாராவாரம் ஒரே செய்தி இரண்டு முறை போகிறது என்று நிலையத்திலிருந்து புகார். காலையிலிருந்து நீங்கள் அதில்தான் இருந்தீர்கள். ஒவ்வொரு படியாக ஓட்டி, ஒவ்வொரு படிக்கும் பிறகு டெம்ப் டேபிளைத் திறந்து வரிகளை எண்ணித் தாளில் குறித்தீர்கள். முதல் படி அறுபத்துநாலு. இரண்டாம் படி அறுபத்துநாலு. மூன்றாம் படி அறுபத்தைந்து. அந்தக் கூடுதல் ஒன்று மூன்றாம் படியில்தான் நுழைகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். அது எந்த வரி என்று பார்ப்பதுதான் பாக்கி. மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. நீங்கள் லுஹர் தொழுகைக்கு எழுந்தீர்கள். தட்டுமுட்டு அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உங்கள் விரிப்புக்கு ஓர் இடம் உண்டு.

போகும்போது, "இத மூடிராதளா. மூடுனா சட்டி கவுந்த மாதிரி, பூரா போயிரும். பத்து நிமிசத்துல வந்துருதேன்" என்றீர்கள்.

எனக்குப் பத்து நிமிடம் பொறுக்க முடியவில்லை. என் இருக்கையிலிருந்தே பார்க்கலாம் என்று முயன்றேன். அப்படி ஒரு டேபிளே கிடையாது என்று சர்வர் சொன்னது. சொல்லத்தான் செய்யும். டெம்ப் டேபிள், அதை உண்டாக்கியவரின் இணைப்புக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே எழுந்துபோய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் லாகின், உங்கள் திரை, ஓரத்தில் உங்கள் பென்சில். நாற்காலி சூடு ஆறியிருக்கவில்லை.

செய்தது இதுதான். டெம்ப் டேபிளில் இருந்த அறுபத்தைந்து வரியையும் அப்படியே நகலெடுத்து, சர்வரில் நிரந்தரமான ஒரு டேபிளாகப் போட்டேன். என் இடத்திலிருந்து வேண்டிய மட்டும் பார்க்கலாம் அல்லவா? பிறகு ப்ரொசீஜரின் நாலாம் படி டெம்ப் டேபிளுக்குப் பதிலாக அந்த நகலிலிருந்து எடுக்கும்படி மாற்றிச் சேமித்தேன். சோதித்துப் பார்க்க அது சுளுவான வழி. நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

என் இடத்துக்குத் திரும்பிய ஐந்தாவது நிமிடம் கண்டுபிடித்துவிட்டேன். அந்த அம்மாளின் போன் எண் இரண்டு தடவை பதிவாகியிருந்தது, ஒன்றின் கடைசியில் ஓர் இடைவெளி. மூன்றாம் படியில் அதைச் சரிசெய்து, நகலிலும் அந்த ஒரு வரியை நீக்கினேன். நீங்கள் தட்டுமுட்டு அறையிலிருந்து வரும்போதே, "அக்கா, கெடச்சிட்டு!" என்று கத்தினேன். அண்ணாச்சி அறையிலிருந்து வெளியே வந்து, "எங்க டீம் லீடரா கொக்கா" என்றார். காலையிலிருந்து எண்ணியவர் நீங்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தப் பாராட்டில் நாலாம் படியைப் பழையபடி மாற்ற மறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலையத்தில் ஓர் இயந்திரம் பழுதாகி ஐந்து பேருக்கு அடுத்த வார நாளை மாற்றினார்கள். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று வெள்ளியும் சனியும் நீங்கள் விடுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் செய்திகள் போயின. வியாழக்கிழமை மத்தியானம் உறைந்துபோன அந்த நகலிலிருந்து, பழைய நாட்களோடு. நாள் மாறிய ஐந்து பேரில் நாலு பேர் உள்ளூர்க்காரர்கள், நேரிலேயே கேட்டுக்கொண்டார்கள். ஐந்தாமவர் ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ்ஸில் வரும் பெரியவர். போனில் வந்ததை நம்பினார். திங்கட்கிழமை வரவேண்டியவர் செவ்வாய்க்கிழமை வந்தார். முந்தின வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரத்தம் சுத்தமாகாத நாலாவது நாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மூச்சு வாங்கியிருக்கிறது. நிலையத்து வாசலில் விழுந்தார்.

அன்று மத்தியானம் அவருடைய மகன் நம் ஆபீசுக்கே வந்து கத்தியதை நீங்களும் கேட்டீர்கள். "எங்கப்பா செத்துருந்தா யாருவே பதில் சொல்லுவா?" அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, "என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லு தாயி" என்றார்.

பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நாலாம் படி, அதில் என் நகல் டேபிளின் பெயர். அந்தக் கணத்தில் எழுந்துபோய், "அண்ணாச்சி, நான்தான்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலாம் படியைத் திருத்தினேன். நகல் டேபிளை அழித்தேன். பிறகு ஓர் அறிக்கை எழுதினேன். "நாலாம் படி தவறான டேபிளிலிருந்து எடுத்திருக்கிறது. இந்த மாற்றம் வியாழக்கிழமை ஒன்று இருபதுக்கு இந்த லாகினிலிருந்து செய்யப்பட்டிருக்கிறது." லாகின் உங்களுடையது. அந்த அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அதிகமாகக் கூசுகிறது. பொய் சொல்லவும் தைரியம் வேண்டும், எனக்கு அதுவும் இல்லை.

ஒன்று இருபதுக்கு நீங்கள் தொழுதுகொண்டிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டு, "உன் பேருலதானம்மா விழுந்திருக்கு?" என்று கேட்டார். நான் சுவரோரம் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முறைக்கவில்லை, கெஞ்சவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதாவது சொல்லுமா என்று பார்க்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

"என் பேருலதான் இருக்கு அண்ணாச்சி. நான் பாத்திருக்கணும்" என்றீர்கள்.

"நான் பாத்திருக்கணும்." அந்தச் சொல்லை அப்போது எனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, தன் தவறு என்றே நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் ஒன்பது வருஷம் தூங்கினேன்.

மறுநாள் அந்தப் பெரியவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றீர்கள். துணைக்கு நான் வந்தேன். படிக்கட்டு வரைக்கும்தான் வந்தேன். போன் வந்ததாகப் பாவனை செய்துகொண்டு கீழேயே நின்றுவிட்டேன். நீங்கள் இறங்கி வரும்போது கண் சிவந்திருந்தது. "நல்லா இருக்காரு. நாளைக்கு வார்டுக்கு மாத்திருவாங்களாம். அவரு வீட்டம்மாகிட்ட எங்க பக்கந்தான் தப்புன்னு சொல்லிட்டேன்" என்றீர்கள். முதலில் ஏசினார்களாம், அப்புறம் உட்காரச் சொன்னார்களாம். என் மன்னிப்பையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது, முருகன்குறிச்சிப் பக்கம் என்று நினைவு, நீங்கள் பைய என் கையைத் தொட்டு, "ஏளா, அங்கன ஒரு டேபிள் கெடந்துச்சே, நீ பாத்தியா?" என்று கேட்டீர்கள்.

"எந்த டேபிளுக்கா?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டீர்கள். "ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

அந்த வாரக் கடைசியில் நீங்களாகவே வேலையை விட்டீர்கள். நிலையத்தாருக்கு அண்ணாச்சி யாராவது ஒருவரைக் காட்டவேண்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவையும் விரிப்பையும் பையில் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, என் மேசைக்கு வந்து, "நல்லா இருளா" என்றீர்கள். நன்றாகத்தான் இருந்தேன், அக்கா. அடுத்த வருஷம் மேனேஜர் ஆனேன்.

நீங்கள் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு முறை பாளை மார்க்கெட்டில் உங்களைப் பார்த்தேன். முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் மெலிந்திருந்தீர்கள். நான் சட்டென்று ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாத ஒரு இட்லிச் சட்டியைப் பத்து நிமிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கடைசியில், "எடுக்கியளா இல்லியாம்மா?" என்று கேட்டார். எடுத்தேன். நீங்கள் போகும்வரை வெளியே வர வேறு வழி தெரியவில்லை. அந்தச் சட்டி இன்றும் பரணில் கிடக்கிறது, ஒருநாள்கூட அதில் இட்லி அவித்ததில்லை. அன்று நீங்கள் நோயோடு இருந்தீர்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நீங்கள் போன செய்தி ஆபீஸ் வாட்ஸாப்பில் வந்தது. அடக்கத்துக்கு வரவில்லை. தைரியம் வந்து உங்கள் வீட்டுப் படியேறியபோது பத்து நாள் ஆகியிருந்தது. உங்கள் மகள் கதவைத் திறந்தாள். அன்று காய்ச்சலில் கிடந்த பத்து வயதுப் பிள்ளை, இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். உங்கள் நெற்றி, உங்கள் பேச்சு. "வாங்க மாமி. உம்மா உங்களப் பத்திச் சொல்லாத நாளே கெடையாது" என்றாள். இஞ்சி தட்டிப்போட்ட டீ கொண்டுவந்தாள். ஓலைப்பெட்டியை எடுத்து வைத்து, "இத உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு உம்மா சொல்லிச்சு. இந்தத் தாளுக்கெல்லாம் அர்த்தம் உங்களுக்குத்தான் தெரியுமாம்" என்றாள்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னாள். "எனக்குக் காய்ச்சல்னுதான மாமி உம்மா ரெண்டு நாளு லீவு போட்டுச்சு. அதுலதான வேலையில தப்பு வந்து, வேல போயிட்டு. உம்மா இல்லன்னுதான் சொல்லும். ஆனா எனக்குத் தெரியும்."

தலையை ஆட்டினேன், அக்கா. உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் மகள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். வாய் திறந்தால் முழுசும் கொட்டிவிடுமோ என்ற பயம்.

வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்தேன். அந்த வியாழக்கிழமைத் தாள் மேலேயே இருந்தது. அறுபத்துநாலு, அறுபத்துநாலு, அறுபத்தைந்து. அதற்குக் கீழே, எண்களை விடச் சின்ன எழுத்தில்:

"புதுசா ஒரு டேபிள் கெடக்கு. அவ வச்சதா இருக்கும். கேக்கணும்."

தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அன்றே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நான் கத்திக் கூத்தாடிக்கொண்டிருந்ததால் அப்போது கேட்காமல் விட்டிருப்பீர்கள். அப்புறம் காய்ச்சல், விடுப்பு. திங்கட்கிழமை வந்தபோது மறந்திருக்கும். அதனால்தான் "நான் பாத்திருக்கணும்" என்றீர்கள். கேட்க மறந்தது உங்கள் பங்குத் தவறு என்று எடுத்துக்கொண்டு, அந்தத் துளிப் பங்குக்காக ஆஸ்பத்திரிப் படியேறினீர்கள், வேலையை விட்டீர்கள். ஆட்டோவில் என்னைக் கேட்டது, என்னைப் பிடித்துக் கொடுப்பதற்காக அல்ல. நானாகச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள். அக்காவுக்குத் தெரியாது என்று நான் சாய்ந்திருந்த சுவர் இந்தத் தாளைப் படித்ததும் இடிந்தது.

மூன்று வாரம் அந்தப் பெட்டியோடு இருந்துவிட்டு, முந்தாநாள் காலை ஆபீசில் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எதுக்கு தாயி அதெல்லாம்? அவளும் போயிச் சேந்துட்டா. வேலையப் பாரு" என்றார். அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவருடைய அறையை விட்டு வெளியே வரும்போது என் முகம் எரிந்தது.

நேற்று சாயங்காலம் மேலப்பாளையம் போனேன். உங்கள் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, லாகின், நகல், அழித்தது, ஆட்டோ, இட்லிச் சட்டி. "ஒனக்குக் காய்ச்சல் வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அன்னைக்கு நான் தலையாட்டுனது பொய்" என்றேன். தாளையும் காட்டினேன். அவள் உங்கள் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவ காய்ச்சல் வரும்போதும் உம்மாகிட்டச் சொல்லாமலே படுத்துக்கெடப்பேன் மாமி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இத நீங்க உம்மா இருக்கும்போது சொல்லிருக்கணும்."

எழுந்து உள்ளே போனாள். இந்த முறை டீ வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். அவள் என்னை மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை. ஆனால் இனி காய்ச்சல் வந்தால் யாரிடமாவது சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மேசைக்கு மேலேயும் இப்போது தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன். டெம்ப் டேபிளைத் திறக்கும்போதெல்லாம் தாளின் பின்பக்கம் எண்ணி எழுதுகிறேன். ஆபீசில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உங்கள் வியாழக்கிழமைத் தாளை மட்டும் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. இந்தக் கடிதம் எழுதும் இந்த நேரத்தில் அது என் முன்னால்தான் இருக்கிறது. "கேக்கணும்" என்ற உங்கள் சொல்லுக்குக் கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் பென்சில் என்னிடம் இல்லை. என் பேனாவால் அங்கே எழுதுகிறேன்.

ஆமாக்கா. நான்தான் வச்சேன்.